ஏழாவது ஃப்ரெட்டில் செத்த சுரம்

என் கிட்டாரில் மூன்றாம் கம்பியின் ஏழாவது ஃப்ரெட்டைப் பிடித்து மீட்டினால் சத்தம் செத்துப்போகும். மற்ற இடங்களில் ஓரளவு நிற்கிற சுரம், அங்கே மட்டும் 'டொக்' என்று தொடங்கி அப்படியே அடங்கிவிடும். இரண்டு வருடம் அதை என் விரலின் குறை என்றே நினைத்துக்கொண்டிருந்தேன். யாராவது பக்கத்தில் இருந்தால் அந்த இடத்துக்குப் போகாமலே சுற்றிக்கொண்டு வாசிப்பேன். தெருவில் கடன்காரர் வீட்டைத் தவிர்த்து அடுத்த சந்து வழியாகப் போவதைப் போல.

கடைசியில் ஒரு கடைக்கு எடுத்துப்போனேன். கவுன்டரில் இருந்தவர் தூக்கிப் பார்த்தார், இரண்டு தட்டு தட்டினார். "பாடி ரொம்ப லைட் ப்ரோ. இதுல சஸ்டெய்ன் எதிர்பார்க்காதீங்க. மஹாகனி கட்டைக்குப் போயிடுங்க" என்றார். போவதற்கு 65,000 ரூபாய். அப்போது என் சம்பளம் 22,000. வாடகை, வீட்டுக்கு அனுப்புவது எல்லாம் போக எத்தனை மாதம் சேர்க்க வேண்டும் என்று பஸ்ஸிலேயே கணக்குப் போட்டேன். பதினான்கு மாதம் வந்தது. அதற்குமுன், அந்த மனிதர் சொன்னது உண்மையா என்று பார்த்துவிடலாம் என்று படிக்க ஆரம்பித்தேன். எடை கூடினால் சுரம் நிற்கும் என்று உலகத்துக்கு முதலில் சொன்னது யார்?

சஸ்டெய்ன் என்பதற்குக் கிட்டத்தட்ட ஒரு சொல் நம் சங்கீதத்திலேயே இருக்கிறது: கார்வை. சுரத்தைப் பிடித்து நிறுத்துவது. பாடுகிறவருக்கும் நாகஸ்வரக்காரருக்கும் கார்வை என்றால் மூச்சு, வயலின்காரருக்கு வில். சுரம் ஒலித்துக்கொண்டிருக்கும்போதே அதற்குத் தீனி போட்டுக்கொண்டே இருக்கிறார்கள். மீட்டுகிற வாத்தியத்துக்கு அந்த வசதி கிடையாது. ஒரு தடவை மீட்டும்போது கொடுத்ததுதான் வரவு, அதற்கப்புறம் எல்லாம் செலவு. அதிலும் அகூஸ்டிக் கிட்டார் பெரிய செலவாளி. கம்பியின் அசைவை வாங்கி, மெல்லிய பலகையை அதிரவைத்து, அந்தப் பலகை காற்றைத் தள்ளினால்தான் நமக்குக் கேட்கும். எவ்வளவு உரக்கக் கேட்கிறதோ அவ்வளவு சீக்கிரம் கம்பியில் இருப்பு தீர்ந்துவிடும். பாஞ்சோ இதன் உச்சம். அடித்தால் ஊருக்கே கேட்கும், அடுத்த நொடி ஒன்றும் இருக்காது.

1930களில் கிட்டார்காரர்களின் கவலை சஸ்டெய்ன் இல்லை, சத்தம். டிரம்பெட்டும் சாக்ஸபோனும் நிறைந்த இசைக்குழுவில் கிட்டார் கேட்கவே கேட்காது. லாஸ் ஏஞ்சல்ஸில் ஹவாயன் கிட்டார் வாசித்துக்கொண்டிருந்த ஜார்ஜ் போஷாம்ப், கம்பியின் அசைவைக் காந்தத்தாலும் செப்புக்கம்பிச் சுருளாலும் மின்சாரமாக்கும் பிக்கப்பைச் செய்தார். 1932இல் விற்பனைக்கு வந்த அந்த வாத்தியம் வார்ப்பு அலுமினியம். வட்டமான தலை, நீளமான பிடி. பார்ப்பதற்குத் தோசைக்கல்லுக்குக் கைப்பிடி வைத்த மாதிரி இருந்ததால் 'ஃப்ரையிங் பேன்' என்றே பெயர் விழுந்துவிட்டது. 1937இல் காப்புரிமையும் கிடைத்தது.

காந்தம் கம்பியை நேரடியாகக் கேட்கிறது. அப்படியானால் காற்றைத் தள்ளப் பலகை எதற்கு? வயிறு குடைந்த உடல் எதற்கு? இந்தக் கேள்வியில்தான் சஸ்டெய்னின் கதை தொடங்குகிறது. ஆனால் உடனே யாரும் அதைக் கேட்கவில்லை. கிப்ஸன் 1936இல் கொண்டுவந்த இஎஸ்-150 பழையபடி குடைந்த கிட்டார்தான், மேலே ஒரு பிக்கப் வைத்தார்கள். அதில்தான் சார்லி கிறிஸ்டியன், ஊதுகருவிக்காரர்களைப் போல ஒற்றைச் சுரங்களாகக் கோத்து வாசித்தார். ஆம்ப்ளிஃபயரைக் கூட்டினால் குடைந்த உடல் ஸ்பீக்கரின் ஒலிக்கே அதிர்ந்து ஊளையிடும். குறைத்தால் கேட்காது.

கேள்வியை விடாமல் கேட்டவர் லெஸ் பால். 1915இல் விஸ்கான்ஸினின் வாகெஷாவில் பிறந்தவர். பையனாக இருந்தபோது, தண்டவாளத் துண்டு ஒன்றின்மேல் கிட்டார் கம்பியை இழுத்துக் கட்டி, கீழே டெலிபோன் ரிசீவரை வைத்து மீட்டிப் பார்த்ததாகப் பேட்டிகளில் சொல்லியிருக்கிறார். சுரம் போய்க்கொண்டே இருந்ததாம். ஓடிப்போய் அம்மாவிடம் சொன்னால், குதிரைமேல் உட்கார்ந்து தண்டவாளத்தை வாசிக்கிற கௌபாயை எங்கேயாவது பார்த்திருக்கிறாயா என்கிற மாதிரி கேட்டு அனுப்பிவிட்டார். இந்தக் கதையில் எவ்வளவு நடந்தது, எவ்வளவு பின்னால் சேர்ந்தது என்று பார்ப்பதில் எனக்கு ஆர்வமில்லை. அந்த அம்மாவின் கேள்விதான் முக்கியம். ஏனென்றால் பத்துப் பதினைந்து வருடம் கழித்து நியூயார்க்கில் அதே கேள்வி அவருக்குத் திரும்ப வந்தது.

1940 வாக்கில் ஞாயிற்றுக்கிழமைகளில் எபிஃபோன் தொழிற்சாலையில் உட்கார்ந்து அவர் செய்த வாத்தியத்துக்குப் பெயர் 'தி லாக்'. மரக்கட்டை. பெயரே அவ்வளவுதான். நாலுக்கு நாலு அங்குலப் பைன் கட்டை, அதில் ஒரு கிட்டார் கழுத்து, கையால் சுற்றிய பிக்கப்கள். அதை ஒரு பாரில் வாசித்துக் காட்டினார், யாரும் கண்டுகொள்ளவில்லை. திரும்பிப்போய் ஒரு கிட்டாரை நெடுக அறுத்து, இரண்டு பக்கமும் இறக்கை மாதிரி ஒட்டிக்கொண்டு வந்தார். அந்த இறக்கைகள் ஒலிக்கு எதுவுமே செய்யவில்லை, கட்டையைக் கிட்டார் மாதிரி காட்டின, அவ்வளவுதான். கூட்டம் கைதட்டியது. ஜனங்கள் கண்ணால்தான் கேட்கிறார்கள் என்பது அவர் அதிலிருந்து எடுத்துக்கொண்ட முடிவு. என் கிட்டாரைத் தட்டிப் பார்த்த கடைக்காரரை நினைத்துக்கொண்டேன்.

கிப்ஸனுக்குக் கட்டையைக் கொண்டுபோனபோது, துடைப்பக்கட்டையில் பிக்கப் வைத்தவன் என்று சிரித்து அனுப்பினார்கள். சிரிப்பு நின்றது 1950இல். கலிஃபோர்னியாவின் ஃபுல்லர்டனில் ரேடியோ ரிப்பேர் கடை வைத்திருந்த லியோ ஃபெண்டர் (இவருக்குக் கிட்டார் வாசிக்கத் தெரியாது) கெட்டிக் கட்டையில் செய்த கிட்டார்களை விற்க ஆரம்பித்துவிட்டார். 1951இல் அதன் பெயர் டெலிகாஸ்டர் ஆனது. 1952இல் கிப்ஸன் அவசரமாக ஒரு கெட்டிக் கட்டைக் கிட்டாரைக் கொண்டுவந்து, தான் சிரித்து அனுப்பிய அதே மனிதரின் பெயரை அதற்கு வைத்தது. மஹாகனி உடல், மேலே மேப்பிள் பலகை. கடைக்காரர் என்னைப் போகச்சொன்னது அந்த வம்சத்துக்குத்தான்.

ஆனால் அந்த மஹாகனிக் கிட்டாரே பிறக்கும்போது செட்டப் கோளாறோடுதான் பிறந்தது. இதைப் படித்தபோது வாய்விட்டுச் சிரித்தேன். கழுத்தை உடலோடு சேர்த்த கோணம் போதவில்லை. கம்பிகளைப் பிரிட்ஜ் தண்டுக்கு மேலே கொண்டுபோனால் உயரம் தாங்காது, வாசிக்க முடியாது. அதனால் தண்டுக்கு அடியில் சுற்றி அனுப்பினார்கள். உள்ளங்கையை வைத்துக் கம்பியை அமுக்கவும் முடியவில்லை, பிரிட்ஜும் உறுதியாக நிற்கவில்லை. லெஸ் பாலே குறை சொன்னார். 1953இல் கழுத்துக் கோணத்தை மாற்றி, கட்டையிலேயே இரண்டு தடித்த திருகு இறக்கி அதில் பிரிட்ஜை மாட்டினார்கள். அடுத்த ஓரிரு வருடத்தில், ஒவ்வொரு கம்பியின் நீளத்தையும் தனித்தனியாகத் திருத்தக்கூடிய ட்யூன்-ஓ-மேட்டிக் வந்தது. அதே மரம், அதே எடை. கம்பி உட்காரும் இடம் சரியானதும் அது வேறு கிட்டாராகிவிட்டது.

ஃபெண்டரும் இதே பாடத்தை இன்னும் அதிக விலை கொடுத்துப் படித்தார். ஸ்ட்ராட்டோகாஸ்டருக்கு, கம்பிகளைத் தளர்த்தி இறுக்கிச் சுரத்தை ஆட்டும் ட்ரெமோலோ வேண்டும் என்று 1953இல் ஒன்றைச் செய்தார்கள். ஒவ்வொரு கம்பியும் சின்ன உருளைமேல் உட்காரும், பின்னால் தனியாக ஒரு வால்பகுதி. அச்சுகள் தயாராகி உற்பத்திக்குப் போகிற நேரத்தில் வாசித்துப் பார்த்தால் சுரம் நிற்கவில்லை. மெலிந்து, பாஞ்சோ மாதிரி ஒலித்தது. செய்த அச்சுகளைத் தூக்கிப்போட்டுவிட்டு மறுபடி முதலிலிருந்து தொடங்கினார்கள். புதிதாக வந்ததில் பிரிட்ஜும் வால்பகுதியும் ஒன்று, அதற்கடியில் கட்டைக்குள் தொங்குகிற கனமான இரும்புப் பாளம், அதைப் பின்னால் இழுத்துப்பிடிக்க ஸ்ப்ரிங்குகள். 1954இல் வந்த அந்த அமைப்பை இன்றும் உலகம் முழுக்க நகலெடுக்கிறார்கள். மலிவு நகல்களில் அந்தப் பாளத்தை மட்டும் மெல்லிய துத்தநாக வார்ப்பாக மாற்றிவிடுவது வழக்கம். என் கிட்டாரைப் பின்பக்கம் திறந்து பார்த்தேன். மாற்றித்தான் இருந்தார்கள்.

1960களில் கதை கட்டையைவிட்டு ஆம்ப்ளிஃபயருக்கு நகர்ந்தது. 1966இல் ஜான் மேயாலின் குழுவோடு ஆல்பம் பதிவுசெய்யப்போன எரிக் கிளாப்டன், லெஸ் பால் கிட்டாரை மார்ஷல் ஆம்ப்ளிஃபயரில் செருகி, மேடையில் வைப்பது போல உரக்க வைத்தார். குறைக்கச் சொன்னார்கள், மறுத்துவிட்டார். வால்வுகள் தங்கள் எல்லையைத் தாண்டும்போது ஒலியின் உச்சியை வெட்டிவிடும். மீட்டிய முதல் அதிர்வு எவ்வளவு பெரிதாக இருந்தாலும் அதே மட்டத்தில்தான் வரும். கம்பி உள்ளுக்குள் தேய்ந்துகொண்டே போனாலும் வெளியே கேட்கும் அளவு வெகுநேரம் அப்படியே இருக்கும். காதுக்குச் சுரம் நிற்கிறது. அதற்கும் மேலே கூட்டினால் ஸ்பீக்கரிலிருந்து வருகிற காற்றே கம்பியை மறுபடி ஆட்டத் தொடங்கும். 1936இல் ஊளை என்று திட்டியதை ஹெண்ட்ரிக்ஸ் வில்லாக்கினார். 1977இல் பெர்லினில் டேவிட் போவியின் 'ஹீரோஸ்' பதிவின்போது ராபர்ட் ஃப்ரிப் தரையில் டேப் ஒட்டிக் குறித்துவைத்தார். இந்தச் சுரத்துக்கு இந்த இடம், அந்தச் சுரத்துக்கு ஓரடி தள்ளி.

இங்கே நம்மூர்ப் பக்கம் ஒரு கிளை பிரிகிறது. மேண்டலினில் எட்டுக் கம்பி, இரண்டிரண்டாக. தொட்டதும் அணைந்துவிடுகிற ஒலி. கமகம் என்பதோ, ஒரு சுரத்தைத் தொட்டு அது அணைவதற்குள் அதை அசைத்து இன்னொன்றின்மேல் இறக்குகிற வேலை. அணைந்த சுரத்தை அசைக்க முடியாது. யு. ஸ்ரீநிவாஸ் எலெக்ட்ரிக் மேண்டலினை எடுத்து, ஜோடிக் கம்பிகளைக் கைவிட்டு ஒற்றைக் கம்பிகளாக வைத்துக்கொண்டார், பின்னால் ஐந்தாகவே. 1980களில் சபாக்களில் அதிசயமாகப் பார்த்தது பையனின் வயதையும் விரல் வேகத்தையும். மெதுவான ஆலாபனையில் ஒரே மீட்டலில் அவர் எவ்வளவு தூரம் போகிறார் என்று கேட்டுப் பாருங்கள். எனக்கு அந்த இடம்தான்.

1970களில் எல்லாரும் எடைக்குப் போனார்கள். கார்லோஸ் சந்தானா யமஹாவிடம் இன்னும் கனமாக, இன்னும் நிற்கிற மாதிரி வேண்டும் என்று கேட்க, 1976இல் வந்த எஸ்ஜி2000இல் கழுத்தையே உடலின் கடைசிவரை ஒரே துண்டாக ஓட்டி, பிரிட்ஜுக்கு அடியில் பித்தளைத் தகடு பதித்தார்கள். அப்புறம் பித்தளை நட், பித்தளை பிரிட்ஜ், அலுமினியக் கழுத்து. தோள்பட்டை வலியோடு வாசித்த ஒரு தலைமுறை. 1984இல் 'திஸ் இஸ் ஸ்பைனல் டாப்' படத்தில் இதைக் கிண்டல் செய்துவிட்டார்கள். கிட்டாரை மீட்டாமலே, எப்படி நிற்கிறது கேள் என்று ஒருவர் பெருமையடிப்பார்.

கிண்டலுக்கு அப்புறம்தான் அளவெடுத்தார்கள். 1990களில் ஜெர்மனியில் ஹெல்முட் ஃப்ளைஷர், எலெக்ட்ரிக் கிட்டாரின் கழுத்தில் இடம் இடமாக அது எவ்வளவு அசைந்துகொடுக்கிறது என்று அளந்தார். நாம் பார்ப்பதற்குக் கழுத்து கெட்டியாக நிற்கிறது. உண்மையில் அதுவும் பலகைதான், அதற்கும் சொந்த அதிர்வெண்கள் உண்டு. நாம் பிடிக்கிற சுரத்தின் அதிர்வெண் அந்த இடத்தில் கழுத்தின் சொந்த அதிர்வெண்ணோடு ஒத்துப்போனால், கழுத்து கம்பியிடமிருந்து வாங்கிக்கொண்டே இருக்கும். சுரம் செத்துவிடும். இதற்கு 'டெட் ஸ்பாட்' என்று பெயர். விலையுயர்ந்த கிட்டாரிலும் உண்டு. திருகால் இணைத்த கழுத்து, ஒட்டிய கழுத்து, உடலோடு ஓடுகிற கழுத்து மூன்றையும் ஒப்பிட்டு ஆர். எம். மொட்டோலா 2007இல் ஒரு சோதனை வெளியிட்டார். எல்லாரும் மட்டம் என்று சொல்கிற திருகு இணைப்புதான் கொஞ்சம் அதிகம் நின்றது. கேட்டவர்களால் அந்த வித்தியாசத்தைக் கண்டுபிடிக்கவும் முடியவில்லை.

படிக்கப் படிக்க எனக்குக் கோபம் வந்தது, 65,000 ரூபாயை நினைத்து. ஆனால் என் ஏழாவது ஃப்ரெட் இன்னும் செத்துத்தான் கிடந்தது. சூளைமேட்டில் மொட்டைமாடி அறையில் கிட்டார் வேலை பார்க்கிற ஒருவரைப் பற்றி நண்பன் சொன்னான். அறுபதைத் தாண்டியவர். சினிமா ரெக்கார்டிங்குகளுக்கு வருகிற கிட்டார்களைப் பார்த்துப் பழகியவர். நான் படித்ததையெல்லாம் ஒப்பித்தேன்.

"டெட் ஸ்பாட்டா இருக்கும்ணா" என்றேன்.

"இருக்கும்னு எப்படித் தெரியும்? அந்தக் கம்பிய அரைச் சுரம் இறக்கு" என்றார்.

இறக்கினேன்.

"இப்ப அதே ஏழாவதப் பிடி. என்ன ஆகுது?"

செத்தது.

"தம்பி, கழுத்து திங்குதுன்னா அதுக்குப் பிடிச்ச சுரத்தத்தான் திங்கும். நீ கம்பிய இறக்கிட்ட. அந்தச் சுரம் எட்டாவதுக்குப் போயிருச்சு. அப்ப சாவும் எட்டாவதுக்குப் போகணும்ல? ஏழாவதுலயே நிக்குதுன்னா கோளாறு ஃப்ரெட்டுல இருக்கு."

மூன்று மாதம் படித்தும் எனக்கு இது தோன்றவில்லை. அவர் ஒரு பழைய ஏடிஎம் கார்டின் ஓரத்தை ஏழு, எட்டு, ஒன்பது மூன்றின்மேலும் நிறுத்தி ஆட்டினார். சீ-சா பலகை மாதிரி ஆடியது. எட்டாவது ஃப்ரெட் மயிரிழை தூக்கியிருந்தது. ஏழில் பிடித்த கம்பி, தன் வீச்சில் ஒவ்வொரு முறையும் எட்டைத் தொட்டுத் தொட்டுத் தணிந்திருக்கிறது.

அதோடு விடவில்லை. ஒன்பது நம்பர் கம்பிகளைக் கழற்றிவிட்டுப் பத்து நம்பர் போட்டார். கனமான கம்பியை அதே சுரத்துக்கு ஏற்ற அதிகம் இழுக்க வேண்டும், அதில் இருப்பும் அதிகம். முதல் ஃப்ரெட்டையும் கடைசி ஃப்ரெட்டையும் அமுக்கி, நடுவில் எட்டாவதில் எவ்வளவு இடைவெளி என்று பார்த்தார். இல்லவே இல்லை. கழுத்து பின்பக்கம் வளைந்திருந்தது. எனக்கு முன்னால் வைத்திருந்தவர், கம்பி தாழ்வாக இருக்கட்டும் என்று ட்ரஸ் ராடை முறுக்கித் தள்ளியிருக்கிறார். கழுத்துக்குள் ஓடுகிற அந்தத் திருத்தக்கூடிய இரும்புத் தண்டுக்கு கிப்ஸனின் தாடியஸ் மெக்ஹ்யூ 1923இல் காப்புரிமை வாங்கினார். நூறு வருடமாக அதை அவசரப்பட்டு முறுக்குகிறவர்களும் இருக்கிறார்கள். கால் சுற்று தளர்த்தினார், காத்திருந்தார், இன்னும் கொஞ்சம். கால் மில்லிமீட்டருக்குச் சற்றுக் குறைவாக இடைவெளி வந்ததும் நிறுத்தினார். கம்பியின் வீச்சு நடுவில்தான் அகலம், அதற்கு அவ்வளவு இடம் வேண்டும்.

பிக்கப்கள் கம்பியை உரசுகிற மாதிரி ஏறியிருந்தன. சத்தம் கூடட்டும் என்று நான் செய்த வேலை. "காந்தம் கம்பியப் பிடிச்சு இழுக்குது, அப்புறம் எங்க ஆடும்?" என்று திட்டிக்கொண்டே இறக்கினார். கம்பி முறுக்கி நிற்கும்போதே கழுத்தின் நான்கு திருகுகளையும் அரைச்சுற்று தளர்த்தினார். 'டக்' என்று ஒரு சத்தம், கழுத்து பள்ளத்தில் போய் உட்கார்ந்தது. மறுபடி இறுக்கினார். பித்தளை நட் போடலாமா என்று கேட்டேன். "நீ ஏழாவதப் பிடிச்சா கம்பி ஏழாவது ஃப்ரெட்டுல முடிஞ்சுபோச்சு. நட்டுக்கு அங்க என்ன வேலை?" என்றார். பிறகு கம்பிகளைக் கழற்றி, எட்டாவது ஃப்ரெட்டை அரத்தால் ராவி, தலையை உருட்டி, உப்புத்தாளால் தேய்த்துப் பளபளப்பாக்கினார். துத்தநாகப் பாளத்தை மாற்றலாம், ஆனால் இப்போது தேவையில்லை என்றார்.

போவதற்கு முன் மொபைலில் பதிவுசெய்து வைத்திருந்தேன். ஆம்ப்ளிஃபயரில் எந்த எஃபெக்டும் இல்லாமல் ஏழாவது ஃப்ரெட் 3 நொடி. வேலை முடிந்து அதே அளவில் வைத்துப் பதிவுசெய்தபோது 11 நொடி. 900 ரூபாய் வாங்கினார், கம்பிக்குத் தனியாக.

ஆனால் இன்னொன்று வெளியே வந்தது. எல்லா இடமும் நிற்க ஆரம்பித்ததும், அதே கம்பியில் ஐந்தாவது ஃப்ரெட் மட்டும் கொஞ்சம் சீக்கிரம் அடங்குவது கேட்டது. முன்பு எல்லாமே மங்கலாக இருந்ததால் தெரியவில்லை. அரைச் சுரம் இறக்கிப் பார்த்தேன். ஆறாவதுக்கு நகர்ந்தது. இது நிஜ டெட் ஸ்பாட். அவர் தச்சர்கள் வைத்திருக்கிற சின்ன க்ளாம்ப் ஒன்றைக் கிட்டாரின் தலையில் மாட்டி, "இப்ப வாசி" என்றார். கழுத்தின் எடை மாறியதும் சாவு நான்காவதுக்கு அருகில் போய் உட்கார்ந்துகொண்டது.

"இது போகாதாண்ணா?"

"எங்க போகும்? கழுத்து மரம்தான? எங்கயாவது ஆடத்தான் செய்யும். எந்த இடத்துல இருந்தா உனக்குத் தொல்லை இல்லையோ அங்க வச்சுக்க."

க்ளாம்பைக் கழற்றித் தரவில்லை, அது அவருடைய வேலைச் சாமான். நான் அடுத்த வாரம் ஹார்டுவேர் கடையில் 120 ரூபாய்க்கு ஒன்று வாங்கினேன். இப்போது அந்த மங்கல் நான்காவது ஃப்ரெட்டில் இருக்கிறது. அங்கே அதிகம் போவதில்லை.